இறால் ஒத்துக்கொள்ளாதவன் ஈசல் தின்னலாமா?

#1 வைகைக்கரையான் | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். சின்னக் கேள்விதான், ஆனால் பதில் கிடைக்கும்வரை ஒரு டப்பாவைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் பிறந்ததிலிருந்து சைவம். வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. போன தை மாதம் நாகப்பட்டினத்தில் நண்பன் வீட்டில், 32 வயதில், முதல் தடவையாக இறால் தொக்கு தின்றேன். எண்ணி நாலு இறால். கை கழுவிவிட்டு வந்து உட்காருவதற்குள் உதடு குறுகுறுவென்றது. அப்புறம் தொண்டையில் முடி சிக்கினாற்போல ஓர் உறுத்தல், கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்புத் தடிப்பாக. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள், ஊசி போட்டு மூன்று மணி நேரம் படுக்கவைத்து அனுப்பினார்கள். நண்பனின் அப்பா, "பழக்கமில்லாத உடம்பு, நாலு தடவை தின்றால் சரியாகிவிடும் தம்பி" என்றார். நான் ஐந்தாவது இறாலைத் தொடவில்லை.

இப்போது அலுவலகத்தில் ஓர் அண்ணன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஊரிலிருந்து வறுத்த ஈசல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "இது கடல் பண்டம் இல்லப்பா, மண்ணில் கிடைப்பது, ஒன்றும் செய்யாது" என்கிறார். வாசனை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். வாழ்நாளில் தின்றே இராத பண்டத்துக்கு முதல் தடவையிலேயே எப்படி அலர்ஜி வரும்? இறாலுக்கு வீங்கியவன் ஈசலைத் தின்னலாமா?

#2 கெடிலக்கரை | இரவு 9:31

முதலில் அந்த "நாலு தடவை தின்றால் சரியாகிவிடும்" என்பதை மறந்துவிடுங்கள். இந்தத் தடவை தொண்டை உறுத்தலோடு போனது, அடுத்த தடவை மூச்சே அடைக்கலாம்.

எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு, "கரப்பான் பண்டம்". சொறி, சிரங்கு, படை இருக்கிறவர்களுக்கு இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய் எதையும் இலையில் வைக்கமாட்டார்கள். என் அத்தைக்கு "கரப்பான் உடம்பு" என்று சொல்லி, இறால் குழம்பு வைக்கிற அன்றைக்கு அவருக்கு மட்டும் தனியாக ரசம். ஈசல் அந்தப் பட்டியலில் இருந்ததாக நினைவில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஈசலே தின்பதில்லை, அதனால் என் சாட்சி செல்லாது.

#3 செம்மண்காடு | இரவு 9:50

ஈசல் என்று கண்ணில் பட்டதும் ஓடி வந்துவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம்.

மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான சாயங்காலம், புற்றில் புது வாய் திறந்து ஈரமண் பிதுங்கி இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. புற்றைச் சுற்றி இலைதழை வைத்துக் கூடாரம்போல மூடி, ஒரே ஒரு வாசல் விட்டு, வாசலுக்கு முன்னால் குழி வெட்டிப் பானையைப் புதைத்துவிடுவார் தாத்தா. பானைக்கு மேலே அரிக்கேன் விளக்கு. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், உலை கொதிக்கிற மாதிரி. அப்புறம் விளக்கைப் பார்த்து வந்து பானைக்குள் கொட்டும்.

காலையில் வெயிலில் காயப்போட்டு முறத்தில் புடைத்தால் இறக்கை எல்லாம் பறந்துவிடும். இரும்புச் சட்டியில் எண்ணெயே வேண்டாம், அதன் கொழுப்பிலேயே வறுபடும். வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்து ஒரு கலக்கு. ஒரு பிடிக்கு மேல் தின்றால் வயிற்றால் போகும் என்று ஆத்தா டப்பாவைப் பிடுங்கி வைத்துவிடும்.

இது நேற்று வந்த பழக்கமில்லை. புறநானூறு 119-ஆம் பாட்டில், பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிச் சொல்லும்போது கபிலர் செம்புற்று ஈசலையும் மோரையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டாயிரம் வருடமாக ஒன்றும் ஆகாதது உங்களுக்கு மட்டும் ஆகிவிடுமா? தைரியமாகத் தின்னுங்கள் தம்பி.

#4 கொடுக்கு | இரவு 10:40

செம்மண்காடு அண்ணே, பாரிக்கு இறால் அலர்ஜி இருந்ததா என்று கபிலர் எழுதவில்லையே.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், மருத்துவர் இல்லை. டப்பாவைத் திறக்காமல் வைத்தது நல்ல காரியம், அப்படியே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் கேள்வி. இறாலை உங்கள் நாக்குத்தான் முதல் தடவை பார்த்தது. உடம்பு அதற்கு முன்பே பார்த்திருக்கிறது, மூக்கு வழியாக.

இறாலின் சதையில் ட்ரோப்போமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. தசை எப்போது சுருங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. 284 அமினோ அமிலங்கள் கோத்த இழைகள் இரண்டு, கயிறு திரித்தாற்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கும். இறால் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று 1993-இல் கண்டு சொன்னது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. சுப்பாராவ் குழுவும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினரும் சேர்ந்துதான். அவர்கள் கையில் எடுத்தது நம் மீன் சந்தையில் கிடைக்கிற அதே வெள்ளை இறாலை.

இந்தப் புரதத்தின் பிடிவாதம் என்னவென்றால், வேகவைத்தாலும் சாகாது. முட்டை வெள்ளை சூடு பட்டதும் உருக்குலைந்து கெட்டியாகிவிடுகிறது, திரும்ப நீர்க்காது. இது கொதியில் பிரிந்தாலும் ஆறினதும் மறுபடி திரித்துக்கொண்டு பழைய கயிறாகிவிடும். அதனால் "நன்றாக வெந்ததுதானே" என்பது இங்கே உதவாது.

இதே ட்ரோப்போமயோசின் கரப்பான்பூச்சியின் தசையிலும் இருக்கிறது. பாய், தலையணை, மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியிலும் இருக்கிறது. இறாலுடையதையும் தூசிப்பூச்சியுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 100 அமினோ அமிலத்தில் சுமார் 80 அப்படியே ஒத்துப்போகும். நீங்கள் 32 வருடமாகத் தலையணையில் முகம் புதைத்துத் தூங்கி, செத்த கரப்பானின் தூளையும் சேர்த்து மூச்சில் இழுத்திருக்கிறீர்கள். சிலருடைய உடம்பு அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். நாகப்பட்டினத்தில் நாலு இறால் உள்ளே போனதும் அந்த ஐஜிஇ ஆளைத் தவறாக அடையாளம் கண்டுகொண்டது. தவறு என்றும் சொல்ல முடியாது, அவ்வளவு ஒற்றுமை.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. ஆசாரமான யூதர்கள் மத விதிப்படி இறால், நண்டைத் தொடவே மாட்டார்கள். தூசிப்பூச்சி அலர்ஜி உள்ள யூதர்கள் சிலரின் ரத்தத்தைச் சோதித்தபோது, வாழ்நாளில் தின்றே இராத இறாலின் ட்ரோப்போமயோசினுக்கு எதிரான ஐஜிஇ அதில் இருந்தது. உங்கள் கதையும் அந்த வகையாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்லச் சோதனை வேண்டும்.

ஆடு, கோழியிலும் ட்ரோப்போமயோசின் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அது நம் உடம்பில் இருப்பதற்கு மிக நெருக்கமானது, அதனால் உடம்பு அதைச் சண்டைக்கு இழுப்பதில்லை.

இரண்டாவது கேள்வி. ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். கரையானுக்கு வகைப்பாட்டில் வெகுநாள் தனி வரிசையே இருந்தது. 2007-இல் மரபணுக்களை வைத்து வரைந்த குடும்ப மரத்தில் அது கரப்பான் வரிசைக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கூட்டமாக வாழக் கற்றுக்கொண்ட கரப்பான் என்றே சொல்லலாம்.

நெதர்லாந்தில் இறால் அலர்ஜி உள்ள 15 பேருக்கு மாவுப்புழுவைக் கொடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் மருத்துவமனைக் கண்காணிப்பில். 13 பேருக்கு அலர்ஜி வந்தது. அது 2016-இல் வெளியானது. அந்தப் புழு ஒரு வண்டின் குட்டி, ஈசல் அல்ல. இருந்தாலும் உங்கள் மேசையில் இருப்பது எந்தப் பக்கத்து உறவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

#5 வைகைக்கரையான் | இரவு 10:58

டீச்சர், பயமுறுத்திவிட்டீர்கள். என் சின்ன வயசு அறை சமையலறைக்குப் பக்கத்தில், பழைய பேப்பர் கட்டுக்குள் கரப்பான் குடும்பம் குடும்பமாக இருந்தது. காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் என்பது எனக்குப் பல் தேய்க்கிற மாதிரி. அது இதோடு சேரும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கெடிலக்கரை அக்கா சொன்ன "கரப்பான் பண்டம்" இப்போது வேறு மாதிரிக் காதில் விழுகிறது.

#6 துறைமுகத்தான் | இரவு 11:15

எல்லாம் சரி, ஆனால் இறாலும் பூச்சியும் ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது வருடமாகக் காசிமேட்டில் ஏலம் பார்க்கிறவன். இறாலுக்குப் பத்துக் கால், பூச்சிக்கு ஆறு கால். ஒன்று கடல், ஒன்று தரை. ஒன்றுக்கு ஓடு, ஒன்றுக்கு இறக்கை. கரப்பானோடு சேர்த்தால் எங்கள் வியாபாரம் என்ன ஆகும்? கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

#7 கொடுக்கு | சனி, காலை 6:20

அண்ணே, உங்கள் வியாபாரத்தில் கை வைக்க எனக்கு ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் இறால்தான்.

கால் கணக்கை வைத்துத்தான் நாங்களும் வெகுநாள் பாடம் நடத்தினோம். மரவட்டை, பூரான் கூட்டத்தைப் பூச்சிக்குப் பங்காளி என்றும், இறால், நண்டை வேறு வீடு என்றும் பிரித்து வைத்திருந்தோம். மரபணு வந்த பிறகு படம் மாறிவிட்டது. இறால், நண்டு, கூனி எல்லாம் இருக்கிற பெரிய குடும்பத்திலிருந்து கிளைத்துக் கரையேறிய ஒரு கூட்டம்தான் பூச்சிகள். பூச்சிகளுக்கு இன்றைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் ரெமிப்பீடு என்ற குருட்டு உயிர், கடலோரக் குகைத் தண்ணீரில் மல்லாக்க நீந்திக்கொண்டிருக்கிறது. பூச்சிகளையும் இறால் வகையையும் சேர்த்துத்தான் இப்போது ஒரே பெயரில் சொல்கிறோம். சிலந்தியும் தேளும்தான் தூரத்துச் சொந்தம். தூசிப்பூச்சியும் சிலந்திப் பக்கத்து ஆள்தான், பெயரில் மட்டும் பூச்சி. அவ்வளவு தூரத்து ஆளுக்கே 80 என்றால், பக்கத்து வீட்டுக் கரப்பானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வித்தியாசம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இறாலின் ரத்தத்தில் செம்பு இருக்கிறது, பிராணவாயு சேர்ந்தால் நீலம் காட்டும். பெரும்பாலான பூச்சிகளில் காற்றைச் சுமக்கிற வேலையே ரத்தத்துக்குக் கிடையாது, உடம்பெங்கும் ஓடுகிற நுண்குழாய் வழியாகக் காற்று நேரே திசுவுக்குப் போகும். நண்டு தன் ஓட்டில் சுண்ணாம்பை ஏற்றிக் கெட்டியாக்கும், பூச்சி புரதத்தை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கும். அதனால்தான் நண்டை உடைக்கக் கல் வேண்டும், ஈசலுக்குப் பல் போதும்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே கேட்கிறேன். தண்ணி நண்டு என்று ஏலத்தில் ஒதுக்குவீர்களே, அது ஏன் அப்படி?

#8 துறைமுகத்தான் | காலை 7:05

ஓடு கழற்றின நண்டு. தூக்கினால் கனம் இருக்காது, உடைத்தால் தண்ணீர்தான் கொட்டும். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் கனம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

#9 கொடுக்கு | காலை 7:30

அதேதான். பழைய ஓட்டை விட்டு வெளியே வந்ததும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதிப் பெரிசாக்கிக்கொள்ளும். புது ஓடு அந்தப் பெரிய அளவில் கெட்டிப்படும். அப்புறம்தான் தண்ணீர் இருந்த இடத்தில் மெல்லச் சதை நிரம்பும். நிலா எப்படி இருந்தாலும் ஓடு கழற்றிய நண்டு காலிதான். கரப்பானும் இப்படியே தோலுரிக்கும்; சமையலறை மூலையில் வெள்ளைக் கரப்பான் பார்த்திருப்பீர்களே, அது அப்போதுதான் உரித்து வெளியே வந்தது. தோலுரிக்கச் சொல்கிற ஹார்மோனும் இரண்டுக்கும் ஒரே குடும்பத்துச் சரக்கு, கொலஸ்ட்ராலிலிருந்து செய்வது. வேடிக்கை என்னவென்றால் இறாலுக்கும் பூச்சிக்கும் கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, தீனியில் கிடைத்தால்தான் உண்டு. அதனால் இறால் பண்ணைத் தீவனத்தில் கொலஸ்ட்ரால் கலக்கிறார்கள்.

#10 வல்லையான் | காலை 9:44

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொரன்டோவில. எனக்கும் றால் ஒத்துக்கொள்ளாது, நண்டும் அப்பிடித்தான். ஆனால் கணவாய் திண்டால் ஒண்டும் செய்யிறதில்லை. இஞ்ச கடைகளில எல்லாத்தையும் ஒரே பேரில ஓட்டு மீன் எண்டு போட்டு வைச்சிருக்கிறாங்கள். கணவாயும் மட்டியும் பூச்சிக்குச் சொந்தமோ? போன மாதம் ஒரு கலியாண வீட்டில ஒடியல் கூழ் குடிச்சன், றாலையும் நண்டையும் எடுத்துப்போட்டுத்தான் குடிச்சன், அப்பவும் வாய் கடிச்சுது.

#11 கொடுக்கு | காலை 10:10

அண்ணா, கணவாய், மட்டி, சிப்பி எல்லாம் நத்தைக் கூட்டம். இறாலுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரம் அதிகம், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வைத்தது சந்தைக்காரர்கள்தான். ட்ரோப்போமயோசின் ஒற்றுமையும் அங்கே குறைந்துவிடுகிறது. அதனால் சிலருக்கு இறால் மட்டும் ஆகாது, சிலருக்கு இரண்டும் ஆகாது, உங்களைப்போல் கணவாய் ஒத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்குச் செல்லாது.

கூழ் விஷயம் வேறு. றாலை நீங்கள் எடுத்துப் போட்டீர்கள், அது கொதித்த தண்ணீரை எடுக்கவில்லையே. இந்தப் புரதம் தண்ணீரில் நன்றாகக் கரையும். கூழ்ப் பானை முழுக்க அதுதான். சிலருக்கு இறால் வேகிற ஆவி பட்டாலே போதும். பஜ்ஜிக் கடையில் இறால் பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காய் போடுவதும் இதே கதை.

#12 வல்லையான் | காலை 10:31

அட கடவுளே. பத்து வரியமாகக் கூழை அப்பிடித்தான் குடிச்சுக்கொண்டு வாறன். நன்றி தங்கச்சி.

#13 கெடிலக்கரை | பகல் 12:20

அலர்ஜி கதை இருக்கட்டும். அலர்ஜி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சந்தேகம். ஈசலைத் தோலோடு தின்கிறார்களே, அது செரிக்குமா? நாங்கள் இறாலுக்கு ஓடு உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டுத்தான் குழம்பில் போடுவோம்.

#14 பெட்ரித்தட்டு | பகல் 1:05

அக்கா, அந்தக் கறுப்பு நரம்பு நரம்பே இல்லை, குடல். எடுப்பது நல்லதுதான். நண்டுத் தலைக்குள் மஞ்சளாக இருக்குமே, சண்டை போட்டுத் தின்போமே, அது ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. ருசி எல்லாம் அங்கேதான், கடலிலிருந்து வரும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் அங்கேதான் சேரும். எப்போதாவது தின்றால் பரவாயில்லை.

ஓட்டுக்கு வருகிறேன். ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. மரக்கட்டையில் இருக்கிற செல்லுலோஸ் மாதிரியே சர்க்கரை மணிகளைக் கோத்த சங்கிலி, மணிதான் கொஞ்சம் வேறு. மனிதனால் இதைச் செரிக்கவே முடியாது என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அது பாதிதான் சரி. கைட்டினை வெட்டுகிற நொதி ஒன்று நம் இரைப்பையிலேயே சுரக்கிறது, 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். 2007-இல் இத்தாலியில் 25 பேரின் இரைப்பை நீரை எடுத்துப் பார்த்ததில் 20 பேரிடம் அது வேலை செய்தது, 5 பேரிடம் கிட்டத்தட்ட இல்லை.

பாலூட்டிகளின் மூதாதைக்கு இந்த நொதிக்கான மரபணு ஐந்து இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள், டைனோசர் காலத்தில் பூச்சி பிடித்துப் பிழைத்த கூட்டமல்லவா. பூச்சியே தின்று வாழும் டார்சியர் குரங்கிடம் ஐந்தும் அப்படியே இருக்கிறது. நம்மிடம் வேலை செய்வது ஒன்றே ஒன்று, மற்றவை உடைந்த நிலையில் மரபணுவில் கிடக்கின்றன. நம் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் ஈசல் கட்சிதான், செம்மண்காடு அண்ணன் சந்தோஷப்படலாம்.

அதற்காக முழுசாகச் செரிக்கும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பகுதி நார்ச்சத்துபோல வெளியே போகும். ஒரு பிடிக்கு மேல் தின்றால் வயிற்றால் போகும் என்று ஆத்தா டப்பாவைப் பிடுங்கியதில் விஷயம் இருக்கிறது. கைட்டினோடு கொழுப்பும் சேர்கிறது. ஈசல் புற்றை விட்டுக் கிளம்பும்போது புதுக் குடித்தனம் போடுவதற்கான கட்டுச்சோற்றை உடம்பிலேயே கட்டிக்கொண்டு போகிறது. இறக்கையை உதிர்த்து ஜோடியாக மண்ணுக்குள் போனபின், முதல் வேலைக்காரப் பிள்ளைகள் வளர்ந்து வரும்வரை அந்தக் கொழுப்புதான் சாப்பாடு. எண்ணெய் ஊற்றாமல் வறுபடும் ரகசியம் அது.

ஓட்டோடு தின்பது நமக்குப் புதிதும் இல்லை. சென்னாக்குனிப் பொடி போட்டுச் சோறு பிசைகிறோமே, தலை, கால், ஓடு எல்லாம் உள்ளேதான். கைட்டினை 1811-இல் முதலில் பிரித்தெடுத்ததே காளானிலிருந்துதான். புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைக்கிற சைவக்காரர்களும் கைட்டின் தின்கிறவர்களே.

#15 சிங்கைச்செல்வன் | மாலை 4:18

இங்கே சிங்கப்பூரில் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க உணவு முகமை அனுமதித்தது. வெட்டுக்கிளி, ராத்திரியில் கிரீச்சிடும் பாச்சை, பட்டுப்புழு, மாவுப்புழு எல்லாம் உண்டு, ஈசல் இல்லை. காட்டில் பிடித்ததும் கூடாது, பண்ணையில் வளர்த்ததுதான். ஐரோப்பாவில் மாவுப்புழு 2021-லும் பாச்சை மாவு 2023-லும் வந்தன. அங்கே பொட்டலத்தில், இறால், நண்டு, தூசிப்பூச்சி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்று அச்சிட வேண்டும் என்பது விதி. டீச்சர் சொன்னதைத்தான் அரசாங்கமும் எழுதச் சொல்கிறது.

நான் பாச்சை பிஸ்கட் தின்று பார்த்தேன். வேர்க்கடலைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் ஒரு ருசி. "இறைச்சியைவிடப் புரதம் அதிகம்" என்று பொட்டலத்தில் கொட்டை எழுத்து. உண்மையா?

#16 பெட்ரித்தட்டு | மாலை 5:02

கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும். புரதத்தை நேரே அளப்பதில்லை. உணவில் எவ்வளவு நைட்ரஜன் என்று பார்த்து 6.25-ஆல் பெருக்குவார்கள். கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது, அது புரதக் கணக்கில் ஏறிவிடுகிறது. 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சில பூச்சிப் புழுக்களுக்கு 4.76 என்பதுதான் சரியான எண் என்றார்கள். அதாவது பழைய கணக்கில் 60 என்று போட்டிருந்தால் உண்மையில் 46-க்குப் பக்கம். காய்ந்த பூச்சியைப் பச்சை இறைச்சியோடு ஒப்பிடுவது இன்னொரு தந்திரம், இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர்.

அப்படியும் நல்ல உணவுதான். விளம்பரம்தான் ஒரு சுற்று பருத்திருக்கிறது.

#17 துளசிமாடம் | மாலை 6:40

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்குக் குமட்டுகிறது. நல்லவேளை நாங்கள் மூன்று தலைமுறையாகச் சுத்த சைவம், பூச்சி வயிற்றுக்குள் போக வழியே இல்லை.

#18 செம்மண்காடு | மாலை 6:52

அம்மா, ரேஷன் அரிசி வண்டு?

#19 பெட்ரித்தட்டு | இரவு 7:15

வண்டை விடுங்கள் அண்ணே, அதையாவது புடைத்து எடுக்கலாம். அமெரிக்க விதிப்படி 50 கிராம் கோதுமை மாவில் சராசரியாக 75 பூச்சித் துணுக்குகள் வரும்வரை அதைக் குறைபாடு என்று நடவடிக்கைக்கே எடுப்பதில்லை. மாவு அரைக்கிற எந்த ஊரிலும் இதைச் சுத்தமாகத் தவிர்க்க முடியாது. மிட்டாயில் இ120 என்று போட்டிருந்தால் அது கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்த சிவப்பு. பளபளக்கும் மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பூசுகிற இ904, அரக்குப் பூச்சி சுரந்தது.

கொச்சினீலுக்கும் சென்னைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி வைத்தியர் இந்தச் சாயத்தை இங்கேயே விளைவிக்க ஆசைப்பட்டுச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது, ஆனால் அது மட்டமான சாயம் தரும் வேறு இனம். சாயம் தேறவில்லை, கள்ளியைத் தின்று தீர்த்தது. பிற்பாடு கள்ளியை ஒழிப்பதற்கென்றே இலங்கைக்கு அதை அனுப்பினார்கள். சைதாப்பேட்டையில் அந்தத் தோட்டம் சரியாக எந்த இடம் என்று...

#20 மட்டுறுத்துநர் | இரவு 7:20

சைதாப்பேட்டைக்குத் தனி இழை தொடங்கவும். சைவம், அசைவம் சண்டையும் இங்கே வேண்டாம்.

#21 துறைமுகத்தான் | இரவு 8:33

அலர்ஜி பற்றியே பேசுகிறீர்கள், உயிரை எடுத்தது வேறு. 1981-இல் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் மட்டி தின்று 85 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். என் அப்பா அதைச் சொல்லியே எங்களுக்கு மட்டி வாங்கித் தரமாட்டார். அது என்ன, மட்டி கெட்டுப்போனதா?

#22 கொடுக்கு | இரவு 9:00

கெட்டுப்போனதில்லை அண்ணே, புத்தம்புது மட்டிதான். கடலில் சில நுண்பாசிகள் பெருகும்போது சாக்சிடாக்சின் என்ற நஞ்சைச் செய்கின்றன. மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், நாள் முழுக்க வடிகட்டி அந்த நஞ்சைத் தன் சதையில் சேர்த்துக்கொள்கிறது. மட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்றவர்களுக்கு நரம்புக்குள் சோடியம் நுழையும் வழி அடைபட்டு, உதடு மரத்து, கை கால் மரத்து, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். வேகவைத்தாலும் போகாது, முகர்ந்தாலும் தெரியாது. இது அலர்ஜி இல்லை, யார் தின்றாலும் இதே கதிதான்.

பூச்சியிலும் இப்படி உண்டு. மேற்கு நைஜீரியாவில் மழைக்காலத்தில் சிலர் திடீரென்று தள்ளாடி நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். விசாரித்தால் ஒரு காட்டுப் பட்டுப்புழுவை வறுத்துத் தின்றிருப்பார்கள். அதில் தயமின் என்ற வைட்டமினை உடைக்கும் நொதி இருக்கிறது. ஏற்கெனவே சத்துக் குறைவான சாப்பாட்டில் இருப்பவர்களுக்கு இருக்கிற கொஞ்சமும் போய்விடும். தயமின் கொடுத்தால் எழுந்து நடக்கிறார்கள்.

ஈசல் விஷயத்தில் நான் அஞ்சுவது பூச்சிமருந்துக்குத்தான். மருந்தடித்த தோப்பில் இருக்கிற புற்றில் பிடிக்காதீர்கள்.

#23 கெடிலக்கரை | இரவு 9:26

கடைசியாக ஒன்று. போன வருடம் ஒரு ஸ்கேன் சென்டரில், இறால் அலர்ஜி என்று சொன்னதும் என் அத்தைக்குச் சாய ஊசி போடமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அயோடின் இருக்கிறதாம். மூட்டுவலி மாத்திரையும் இறால் ஓட்டிலிருந்து செய்வது என்று ஒருவர் பயமுறுத்தினார்.

#24 கொடுக்கு | இரவு 9:41

இறால் அலர்ஜி புரதத்துக்கு எதிரானது, அயோடினுக்கு எதிரானதில்லை. சாய ஊசிக்கு ஒத்துக்கொள்ளாமை தனி விஷயம், இறாலை வைத்து அதை முடிவு செய்வதில்லை. இருந்தாலும் எல்லா அலர்ஜியையும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். குளுக்கோசமின் என்ற அந்த மூட்டுவலி மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது உண்மை. அலர்ஜி தரும் புரதம் சதையில் இருக்கிறது, ஓட்டிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த மாத்திரையில் அது பெரிதாக மிஞ்சுவதில்லை. அத்தை டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

#25 வைகைக்கரையான் | அடுத்த வெள்ளி, மாலை 5:10

எல்லோருக்கும் நன்றி. அலர்ஜி மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். முன்கையில் பேனாவால் எண் போட்டு, சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். பதினைந்து நிமிடத்தில் மூன்று இடம் கொசுக்கடிபோல எழும்பியது. தூசிப்பூச்சி, கரப்பான், இறால். மூன்றிலும் பெரிசு கரப்பான். ஈசல் என்றேன், சிரித்தார், "அதற்குச் சொட்டு மருந்து இல்லை, ஆனால் நீங்கள் தின்ன வேண்டாம்" என்றார். தலையணை உறையை வாரா வாரம் வெந்நீரில் துவைக்கச் சொன்னார். அவசரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார், பர்சில் இருக்கிறது.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊருக்குப் போன் போட்டு அவர் அம்மாவிடம் சொன்னார். "கரப்பான் உடம்பா, முன்னாலயே சொல்லக் கூடாதா, புள்ளைக்கு முறுக்கு சுட்டு அனுப்புறேன்" என்றார்களாம்.

#26 செம்மண்காடு | மாலை 5:22

தம்பி, அந்த டப்பா இன்னும் இருக்கிறதா? நான் வேளச்சேரியில்தான் இருக்கிறேன்.

#27 வைகைக்கரையான் | மாலை 5:30

இருக்கிறது அண்ணே, கிண்டிதான், சீக்கிரம் வாருங்கள். பாதி ஏற்கெனவே காலி, நான் இல்லை.